வெப்பப் பெட்டிக்கு நாமே கட்டும் டெம்பரேச்சர் கன்ட்ரோலர்: பட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

எபாக்ஸி ஒட்டிய பாகங்களை இறுகவைக்க, 3டி பிரிண்டர் இழையை உலர்த்த, மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மரத்துண்டுகளைக் காயவைக்க, 40 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக நிற்கும் பெட்டி ஒன்று பட்டறைக்குத் தேவைப்படுகிறது. இந்த வழிகாட்டி அந்த வரம்புக்கு மட்டும். பவுடர் கோட்டிங் போன்ற 200 டிகிரி வேலைகளுக்கு இதில் சொல்லும் பொருள்கள் தாங்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கன்ட்ரோலரை (வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் கருவி) முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு கைக்குக் கிடைத்த ஹீட்டரை மாட்டுகிறார்கள். பாதுகாப்பு கட்-ஆஃப் பற்றிக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பலர் அதையும் நினைப்பதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்: முதலில் பெட்டியின் கணக்கு, அடுத்து ஹீட்டர், அடுத்து கட்-ஆஃப், கன்ட்ரோலர் கடைசி. அளவு தவறிய ஹீட்டரையும் தவறான இடத்தில் தொங்கும் சென்சாரையும் எவ்வளவு விலை உயர்ந்த கன்ட்ரோலராலும் சரிசெய்ய முடியாது.

இது 230 வோல்ட் வேலை. பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் மல்டிமீட்டரில் உறுதிசெய்யத் தெரியாதவர்கள் 6-ஆம், 7-ஆம் படிகளுக்கு எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குச் செல்லும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருந்தே ஆக வேண்டும்.

1. எவ்வளவு வெப்பம் வெளியே போகும் என்று கணக்கிடுங்கள்

எடுத்துக்காட்டாக 60 செ.மீ. கனசதுரப் பெட்டி. ஆறு பக்கங்களும் சேர்ந்து 2.16 சதுர மீட்டர். அறை 30 டிகிரி, பெட்டிக்குள் 65 டிகிரி வேண்டும், வித்தியாசம் 35.

12 மி.மீ. பிளைவுட் மட்டும் என்றால், ஒரு சதுர மீட்டரில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 3.5 வாட் வெளியேறும். 2.16 × 35 × 3.5 = ஏறக்குறைய 265 வாட். உள்ளே 25 மி.மீ. கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்தால் அந்த 3.5 சுமார் 1.1 ஆகக் குறைகிறது. இழப்பும் 83 வாட்டுக்கு இறங்கிவிடும்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கிளாஸ் வுல்லுக்குச் செலவிடுவதா, மாதாமாதம் மின்கட்டணத்துக்குச் செலவிடுவதா என்பதையும் இதுவே சொல்லிவிடும்.

கிளாஸ் வுல் பொருத்தும்போது கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை மூடுங்கள். இல்லையென்றால் விசிறிக் காற்றில் இழைத் துகள்கள் பறந்து எபாக்ஸியில் ஒட்டும். விலை குறைவு என்று தெர்மகோல் வைக்க வேண்டாம். 80 டிகிரியை நெருங்கும்போது அது இளகும், எளிதில் தீயும் பற்றும்.

2. ஹீட்டரைத் தேர்ந்தெடுங்கள்

இழப்பைப் போல மூன்று மடங்கு வாட் போதும். 83 வாட் இழப்புக்கு 250 வாட் ஹீட்டர். இதற்குக் குறைந்தால் பெட்டி சூடேற அரை நாள் ஆகும். மிகவும் கூடினால் வேறு தொல்லை: 1000 வாட் ஹீட்டரை இந்தப் பெட்டியில் வைத்தால், கன்ட்ரோலர் நிறுத்திய பிறகும் ஹீட்டர் உலோகத்தில் தேங்கிய சூடு வெளியே வந்துகொண்டே இருக்கும். 65-ல் நிற்க வேண்டியது 80-ஐத் தொட்டுவிட்டு இறங்கும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஹீட்டர்தான் அளவு மீறியிருக்கும்.

தகட்டுத் துடுப்புகள் வைத்த ஹீட்டர்களே காற்றைச் சூடாக்க ஏற்றவை. சந்தையில் அவை 500 வாட்டில் எளிதாகக் கிடைக்கும். 250 வாட் கிடைக்கவில்லையென்றால் இரண்டு 500 வாட் ஹீட்டர்களை சீரிஸில் இணையுங்கள். ஒவ்வொன்றின் மின்தடை ஏறக்குறைய 106 ஓம். இரண்டும் சேர்ந்து 212 ஓம். 230 வோல்ட்டில் மொத்தம் 250 வாட். ஒவ்வொன்றும் கால்பங்கு சக்தியில் மட்டுமே ஓடுவதால் அதன் மேற்பரப்பு கொதிக்காது, ஆயுளும் நீளும். ஒன்று எரிந்துபோனால் இரண்டுமே நின்றுவிடும், அதுவும் நல்லதற்குத்தான். இந்த அமைப்பைக் காசு மிச்சம் பிடிக்கும் தந்திரமாகப் பார்க்காதீர்கள். 250 வாட் ஹீட்டர் கையில் இருந்தாலும் நான் இதையே விரும்புவேன்.

குண்டு பல்புகளை ஹீட்டராக வைப்பதும் உண்டு. வேலை நடக்கும். ஆனால் அவற்றின் ஒளி நேராக சென்சாரில் பட்டு அளவைக் கெடுக்கும். எபாக்ஸி பாகத்தின் ஒரு பக்கம் மட்டும் சூடேறும்.

வாங்கியதும் மல்டிமீட்டரில் இரண்டு சோதனைகள். முனைகளுக்கு இடையே மேலே சொன்ன ஓம் வர வேண்டும். முனைக்கும் உறைக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. மழைக்காலம் முழுவதும் கடையில் கிடந்த ஹீட்டர், முதல் முறை போட்டதும் ஆர்சிசிபியைத் தட்டிவிடலாம். உறைக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும். மல்டிமீட்டரில் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் தெரிந்துவிடும். ஹாட் ஏர் கன்னால் நெடுநேரம் சூடுகாட்டினால் சரியாகும். ஆர்சிசிபியைத் தவிர்த்துவிட்டு நேரடியாகப் போட்டு ‘காயவைக்க’ வேண்டாம்.

3. விசிறி: எப்போதும் ஓட வேண்டும்

விசிறி இல்லாத பெட்டியில் மேல்தட்டும் கீழ்த்தட்டும் வெவ்வேறு ஊர்போல இருக்கும். 120 மி.மீ. விசிறி ஒன்று போதும். ஹீட்டரின் துடுப்புகள் வழியாகக் காற்று போகும்படி பொருத்துங்கள். விசிறியின் லேபிளிலோ விவரத்தாளிலோ அது எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பாருங்கள். பல சாதாரண விசிறிகள் 70 டிகிரியோடு நின்றுவிடும். ஆகவே ஹீட்டருக்கு முன்னால், குளிர்ந்த காற்று வரும் பக்கத்தில் வையுங்கள்.

விசிறியை கன்ட்ரோலரின் வெளியீட்டில் இணைக்கக் கூடாது. மெயின் ஸ்விட்ச் போட்டதும் ஓடி, அணைக்கும்வரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஹீட்டரோடு சேர்ந்து நின்றுவிட்டால், தேங்கிய சூடு ஓரிடத்தில் குவியும். சென்சார் அதை உணராது.

4. கட்-ஆஃப்: கன்ட்ரோலரை நம்பாத ஒரு காவல்

மற்ற படிகளில் சுருக்கமாகப் போனாலும் இங்கே நிதானியுங்கள். கன்ட்ரோலர் எப்படியெல்லாம் தவறும் என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

கன்ட்ரோலரின் சொல்படி ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் மின்னணு ஸ்விட்ச்தான் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே). அது கெடும்போது பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும்.

சென்சார் கழன்று பெட்டிக்கு வெளியே தொங்கினால், கன்ட்ரோலருக்கு எப்போதும் 30 டிகிரிதான் தெரியும். ஹீட்டரை முழுச் சக்தியில் ஓட்டும்.

மூன்றாவது, பலர் அறியாதது. தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்ப சென்சார்) கம்பி அறுந்தால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் பிழை காட்டி ஹீட்டரை நிறுத்திவிடும். ஆனால் கதவின் கீலில் நசுங்கி இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், நசுங்கிய இடத்தின் வெப்பத்தையே சென்சாரின் வெப்பமாகக் காட்டும். திரையில் எந்தப் பிழையும் வராது. எண் மட்டும் அமைதியாக 38 என்று நிற்கும், உள்ளே 90 ஆகியிருக்கும்.

கன்ட்ரோலரின் அலாரம் வசதி இவற்றில் எதற்கும் முழுக் காப்பு ஆகாது. ஏனெனில் அதுவும் அதே சென்சாரைத்தான் பார்க்கிறது. தனியாக இரண்டு பொருள்கள் வேண்டும்.

ஒன்று, கேஎஸ்டி-301 வகை பைமெட்டல் தெர்மோஸ்டாட் (சூட்டில் வளையும் உலோகத் தகட்டால் இணைப்பைத் துண்டிப்பது); 85 டிகிரியில் திறக்கும், சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகை. பட்டன் அழுத்தினால்தான் மீண்டும் இணையும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். தானாக இணையும் ரகம் வெட்டி வெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கோளாறு இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். இதைப் பெட்டியின் மேற்பகுதியில் காற்று படும் இடத்தில் பொருத்துங்கள்.

மற்றொன்று, ஒருமுறை எரிந்தால் மாற்ற வேண்டிய தெர்மல் ஃபியூஸ். 121 டிகிரி, 10 ஆம்பியர். இது ஹீட்டரைத் தாண்டி வரும் காற்றில், துடுப்புகளைத் தொடாமல் இருக்கட்டும். விசிறி நின்றுபோனால் முதலில் சூடாவது இந்த இடம்தான். இதைச் சால்டர் செய்யாதீர்கள். சால்டரிங் அயர்னின் சூட்டிலேயே ஃபியூஸ் எரிந்துவிடும். கிரிம்ப் செய்யுங்கள் (சிறு உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இறுக்குவது), அல்லது பீங்கான் கனெக்டரில் திருகுங்கள்.

இரண்டும் ஹீட்டருக்குப் போகும் பேஸ் வயரில் சீரிஸாக வர வேண்டும்.

5. சென்சாரும் அது இருக்கும் இடமும்

கே-வகை தெர்மோகப்பிள் மலிவு, எங்கும் கிடைக்கும். இந்த வரம்புக்கு பிடி-100 (பிளாட்டினத்தின் மின்தடையை வைத்து வெப்பத்தை அளக்கும் சென்சார்) இன்னும் துல்லியமானது. கன்ட்ரோலர் எதை ஏற்கிறது என்பதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கே-வகையில் வயர் நிறம் வாங்குகிறவர்களை ஏமாற்றும். அமெரிக்க முறையில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். ஐஇசி என்னும் சர்வதேசத் தர முறையில் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். சிவப்பைக் கண்டதும் பாசிட்டிவில் இணைப்பது பழக்கதோஷம். மாற்றி இணைத்தால் பெட்டி சூடேற ஏற எண் இறங்கும். கன்ட்ரோலரோ இன்னும் குளிர்கிறது என்று எண்ணி ஹீட்டரை விடாமல் ஓட்டும். நிறத்தை நம்பாமல், சென்சார் முனையை விரல்களுக்கு இடையில் பிடித்துப் பாருங்கள். எண் ஏறினால் இணைப்பு சரி.

வயர் நீளம் போதவில்லையென்றால் சாதாரணச் செம்பு வயரை ஒட்டு போடக் கூடாது. ஒட்டு இருக்கும் இடம் 40 டிகிரியும் கன்ட்ரோலரின் முனை 32 டிகிரியும் இருந்தால், எண் 8 டிகிரி குறைத்துக் காட்டும். கே-வகைக்கான நீட்டிப்பு வயரே வேண்டும்.

இடம்: பொருள் வைக்கும் தட்டின் உயரத்தில், சுவரிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, காற்று சுற்றித் திரும்பி வரும் பக்கத்தில். ஹீட்டர் சென்சாரை நேராகப் ‘பார்க்க’க் கூடாது, பார்த்தால் இடையில் சிறு தகடு ஒன்றை மறைப்பாக வையுங்கள்.

6. இப்போது கன்ட்ரோலரும் எஸ்எஸ்ஆரும் வாங்குங்கள்

இழை உலர்த்துவது மட்டுமே வேலை என்றால் பிஐடி (குறியை நெருங்கும்போதே ஹீட்டரின் சக்தியைக் குறைத்து நிலையாக நிறுத்தும் கன்ட்ரோலர்) தேவையில்லை. ஓரிரு டிகிரி இடைவெளியில் ஆன்-ஆஃப் செய்யும் எஸ்டிசி-1000 வகைக் கருவியே போதும். ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) உள்ளேயே இருக்கிறது, எஸ்எஸ்ஆரும் வேண்டாம். எபாக்ஸியைப் படிப்படியாகச் சூடேற்றி இறுகவைக்கிறவர்களுக்கு பிஐடி உதவும்.

பிஐடியில் ரெக்ஸ் சி-100 வடிவக் கருவிகள் அதிகம் புழங்குகின்றன. முன்முகம் 48 மி.மீ. சதுரம். இவற்றில் இரண்டு ரகம் உண்டு: ரிலே வெளியீடு, எஸ்எஸ்ஆரை இயக்கும் டிசி துடிப்பு வெளியீடு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. மாடல் எண்ணில் கோட்டுக்குப் பின் ‘எம்’ என்றிருந்தால் ரிலே, ‘வி’ என்றிருந்தால் எஸ்எஸ்ஆர். ரிலே ரகத்தை எஸ்எஸ்ஆரோடு இணைத்தால் எதுவும் நடக்காது. ரிலே தொடர்பை மட்டுமே மூடும், வோல்ட்டைத் தராது. லேபிள் தவறாக ஒட்டப்பட்டும் வரும். ஆகவே செட்டிங்கை உயர்த்திவைத்து வெளியீட்டு முனைகளில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். எஸ்எஸ்ஆருக்கு 3 முதல் 32 வோல்ட் டிசி வேண்டும்.

எஸ்எஸ்ஆர் 25 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் அதில் பாதிக்கு மேல் நம்பாதீர்கள். நம் ஹீட்டர் 1.1 ஆம்பியர்தான் இழுக்கிறது, பிரச்சினையில்லை. பெரிய ஹீட் சிங்க் வேண்டாம். உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டில் தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்கினால் போதும்.

கன்ட்ரோலர் உறையைப் பெட்டியின் பக்கவாட்டில் பொருத்துங்கள், மேலே வேண்டாம். ஏறும் சூடு நேராக உள்ளே இருக்கும் மின்னணுவைத் தாக்கும்.

7. வயரிங், இந்த வரிசையில்

முதலில் எர்த். பெட்டியின் உள் அலுமினியத் தகடு, ஹீட்டர் உறை, எஸ்எஸ்ஆர் தகடு, உலோக உறை எல்லாவற்றையும் எர்த்தோடு இணைத்து, பிளக்கின் எர்த் பின்னிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கடைசியில் செய்வோம் என்று விட்டால் அது விடுபட்டே போகும்.

அடுத்து பேஸ் பாதை: பிளக், மெயின் ஸ்விட்ச், 3 ஆம்பியர் ஃபியூஸ். இங்கே பாதை பிரிகிறது. ஒரு கிளை கன்ட்ரோலருக்கும் விசிறிக்கும். மற்றது 85 டிகிரி தெர்மோஸ்டாட், தெர்மல் ஃபியூஸ், எஸ்எஸ்ஆர், ஹீட்டர். நியூட்ரல் ஹீட்டருக்கு நேராகச் செல்லட்டும். எஸ்எஸ்ஆர் வெட்டுவது பேஸாகவே இருக்க வேண்டும். நியூட்ரலை வெட்டினால் அணைந்திருக்கும் ஹீட்டரிலும் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

பெட்டிக்குள் சாதாரண பிவிசி வயர் வேண்டாம். அதன் வரம்பு பொதுவாக 70 டிகிரி. சிலிகான் அல்லது டெஃப்ளான் உறையிட்ட வயரும் பீங்கான் கனெக்டரும் பயன்படுத்துங்கள். சென்சார் வயரை 230 வோல்ட் வயர்களோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள், எண் துள்ளும்.

8. ஹீட்டர் இல்லாமல் முதல் சோதனை

ஹீட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். செட்டிங்கை அறை வெப்பத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சென்சார் முனையைக் கையில் பிடித்துச் சூடாக்கும்போது பல்பு அணைய வேண்டும், விட்டால் எரிய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் தவறாமல் வரும். எஸ்எஸ்ஆர் அணைந்திருக்கும்போது டெஸ்டர் வைத்தால் ஒளிரும். லோடு இல்லாமல் மல்டிமீட்டர் வைத்தால் நல்ல வோல்ட்டே காட்டும். எஸ்எஸ்ஆர் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அது சில மில்லி ஆம்பியர் கசிவு மட்டுமே. பல்பு அணைகிறதா என்பதே சோதனை. ஆனால் அந்தக் கசிவு கையைத் தாக்கும். ஹீட்டரைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பிறகு ஹீட்டரை மாட்டி, காலிப் பெட்டியில் செட்டிங்கை 100-க்கு உயர்த்தி, பக்கத்திலேயே இருங்கள். தெர்மோஸ்டாட் 85-ஐ ஒட்டி வெட்ட வேண்டும். வெட்டவில்லையென்றால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

9. ஆட்டோட்யூன்

ரெக்ஸ் சி-100 வடிவத்தில் ‘செட்’ பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள் அமைப்புகள் வரும். ‘டி’ என்னும் சுழற்சி நேரத்தை முதலில் பாருங்கள்: எஸ்எஸ்ஆருக்கு 2 விநாடி, ரிலேக்கு 20 விநாடி. பிறகு ‘ஏடியு’வை 1 ஆக்கினால் ஆட்டோட்யூன் தொடங்கும்; பெட்டிக்கு ஏற்ற அமைப்பு எண்களை பிஐடி தானே கண்டறிவதுதான் அது.

காலிப் பெட்டியில் ட்யூன் செய்துவிட்டு, நிறைய பொருள் அடுக்கி ஓட்டுவதுதான் வழக்கமான தவறு. வழக்கமாக வைக்கும் எடைக்கு ஈடான இரும்புத்துண்டோ மரத்துண்டோ வைத்து, வழக்கமான வெப்பத்திலேயே ட்யூன் செய்யுங்கள். நல்ல பொருளை வைக்காதீர்கள். ட்யூன் நடக்கும்போது வெப்பம் குறியைத் தாண்டி ஊசலாடும். 3டி பிரிண்டரின் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழை 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். முடியும்வரை கதவைத் திறக்க வேண்டாம். திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

10. எண்ணைச் சரிபார்த்தல்

நொறுக்கிய ஐஸும் சிறிது நீரும் கலந்த டம்ளரில் சென்சாரை வைத்தால் 0 வர வேண்டும். கொதிநீரில் 100 வர வேண்டும், கடற்கரை ஊர்களில் மட்டும். உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும்: கோயம்புத்தூரில் 98.6, ஊட்டியில் 93-ஐ ஒட்டி. வித்தியாசம் இருந்தால் கன்ட்ரோலரில் உள்ள திருத்த எண்ணை மாற்றுங்கள். ஐஸுக்கும் கொதிநீருக்கும் வெவ்வேறு பிழை வந்தால், நீங்கள் வேலை செய்யும் 60 டிகிரிக்கு அருகில் இன்னொரு தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

காற்று 65 காட்டுவதால் பொருளும் 65 ஆகிவிட்டதாகக் கொள்ளாதீர்கள். தடித்த உலோக அச்சு காற்றுக்கு ஈடாக வர மணிக்கணக்கில் ஆகலாம். எபாக்ஸியின் நேரத்தைக் கணக்கிட, இரண்டாவது தெர்மாமீட்டரின் முனையைப் பொருளின் மேலேயே ஒட்டி, அது சொன்ன வெப்பத்தை எட்டிய பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

11. உள்ளே வைக்கக் கூடாதவை, அவ்வப்போது பார்க்க வேண்டியவை

தின்னர் கலந்த பெயின்ட், பெட்ரோலில் கழுவிய பாகம், ஆவியாகும் கரைப்பான் உள்ள எதுவும் இந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. மூடிய பெட்டி, சூடான ஹீட்டர், தீப்பற்றும் ஆவி மூன்றும் சேர்ந்தால் வெடிக்கும். உணவுப் பொருளும் வேண்டாம். எபாக்ஸி ஆவி சுவர்களில் படிந்திருக்கும்.

ஈரம் உலர்த்தும்போது கீழே ஒரு துளையும் மேலே ஒரு துளையும் திறந்திருக்கட்டும். ஈரம் வெளியேற வழியில்லாமல் இரவெல்லாம் ஓட்டியும் இழை காயவில்லை என்ற புகாருக்கு மூடிய துளையே காரணம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை செட்டிங்கை மறுபடி 100-க்கு உயர்த்தி தெர்மோஸ்டாட் வெட்டுகிறதா என்று பாருங்கள். முடிந்து பெட்டி சற்று ஆறியதும் செட்டிங்கைக் குறைத்து, தெர்மோஸ்டாட்டின் பட்டனை அழுத்தி மீண்டும் இணைத்துவிட்டு, ஹீட்டருக்குப் போகும் மின்சாரம் நிற்கிறதா என்று கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) பாருங்கள். நிற்கவில்லையென்றால் எஸ்எஸ்ஆர் ஒட்டிக்கொண்டுவிட்டது. புதியதை மாற்றும்வரை பெட்டியை ஓட்டாதீர்கள்.